பொரி தின்ற கெண்டை

இன்று சமயநல்லூரில் பஸ் ஏறும்போது கையில் ஒரு வாளி. அதில் சாயக்கழிவு கலந்த கண்மாயில் பிடித்த கெண்டைகள். கழிவுநீர் மீனின் மூளையை என்ன செய்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

பக்கத்து சீட்டில் ஸ்கேன் கவரோடு இருந்த அக்கா வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த மீனு மட்டும் ஏன் ஒரே பக்கமா சுத்துது?"

"தண்ணி சரியில்லக்கா. மூளை கெட்டுப்போச்சு."

அவர் மடியிலிருந்த ஸ்கேன் கவரைத் தடவினார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் மூளையிலதான் கட்டி. நாளைக்குக் காலையில ஆபரேசன்."

பையிலிருந்து பொரிப் பொட்டலத்தை எடுத்தார்.

"திருப்பரங்குன்றத்துக் கோயில் குளத்து மீனுக்குப் போடுறதா வேண்டிக்கிட்டேன். போக நேரமில்ல. இதுக்குப் போடட்டுமா?"

ஆய்வகத்தில் அறுப்பதற்கு முந்தின நாள் மீனுக்கு இரை போடக்கூடாது.

"போடுங்கக்கா" என்றேன்.

சுற்றிக்கொண்டிருந்த மீன் தடுமாறித் தடுமாறி ஒரு பொரியைக் கவ்வியது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

"திங்குது பாரும்மா! பொழச்சுக்கிரும்ல?"

தலையை ஆட்டிவிட்டேன்.

நாளைக் காலை அங்கே அக்காவின் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். இங்கே என் மேஜையில் இந்த மீன்.

இதை அறுக்க எனக்குக் கை வராது. ஆராய்ச்சி கைடிடம் சொல்ல ஒரு பொய் தயாராக இருக்கிறது.

மீனை விடுவதற்குப் பக்கத்தில் எங்காவது நல்ல தண்ணீர் இருந்தால் சொல்லுங்கள்.