சுடுகாட்டில் விளைந்த இருங்குச் சோளம்

என் வீட்டுக்காரர் ஆவணிக் கடைசியில் இறந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று என் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அது பச்சைத் தண்ணீரா வெந்நீரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அழுகையும் வரவில்லை. வந்திருந்த பெண்கள் எனக்கும் சேர்த்து அழுதார்கள். அதில் இரண்டு பேர் அவரிடம் ஒரு நாளும் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்.

மூன்றாம் நாள் காடாற்று. எரித்த இடத்தில் பால் தெளித்து நவதானியம் தூவ வேண்டும். ஆண்கள் மட்டும் போனார்கள். என் கொழுந்தனார் திரும்பி வந்து, "நல்லபடியா முடிஞ்சுது மதினி" என்றார். அதற்குப் பிறகுதான் வீட்டு மூலையைக் கவனித்தேன். அங்கே சாய்த்து வைத்திருந்த விதைச் சாக்கைக் காணோம்.

மல்லாங்கிணறு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரிசல் காடு உண்டு. மழையைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது. அந்த மழையும் இப்போது ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு மாதக்கணக்கில் தலைகாட்டாமல் இருந்துவிடுகிறது. ஊரில் எல்லோரும் மக்காச்சோளத்துக்கு மாறிவிட்டார்கள். இவர் மட்டும் மாறவில்லை. இருங்குச் சோளம், குதிரைவாலி, கம்பு, தட்டைப்பயறு, கொள்ளு என்று சொல்கிற காணப்பயறு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, மழைக்கு முன்பே காய்ந்த புழுதியில் விதைத்துவிடுவார். தண்ணீர் தேங்கினால் குதிரைவாலி தாங்கும். மழை ஏய்த்தால் இருங்குச் சோளம் நிற்கும். அதுவும் போனால் காணமாவது மிஞ்சும்.

"மழை என்ன நெனைக்குன்னு நமக்கென்ன தெரியும்? எல்லாத்தையும் போட்டு வைப்போம்" என்பார்.

இருங்குச் சோள விதை எங்கள் ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. வருஷா வருஷம் நல்ல கதிராகப் பார்த்து ஒதுக்கி இவர்தான் காப்பாற்றி வந்தார். முந்தின வருஷம் விளைச்சல் குறைவு. அதனால் தனியாக எதுவும் எடுத்து வைக்காமல், இருந்ததை எல்லாம் கலந்து அந்தச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்.

கொழுந்தனாரிடம் கேட்டேன்.

"ஒம்பது தானியம் வேணும்னாக. கடைக்குப் போக நேரமில்ல. வீட்டுல கலந்தே இருந்துச்சேன்னு எடுத்துட்டுப் போனேன்."

"மிச்சம்?"

"அங்கன கொண்டுபோனத வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாரக் கூடாதுல்ல மதினி. அம்புட்டையும் தூவிட்டேன்."

அவர் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். விதைக்கும் நவதானியத்துக்கும் வித்தியாசம் அவருக்கு எங்கே தெரியும்? விஷயத்தைச் சொன்னதும் முகம் செத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். நான் திட்டவில்லை. திட்டுவதற்கும் உள்ளே ஏதாவது இருக்க வேண்டும்.

பதினாறு கழிந்ததும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனேன். தீபாவளி சீசன். புஸ்வாணத்தை அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலைக்கு மனசு தேவைப்படவில்லை. கொழுந்தனார் விருதுநகரில் மக்காச்சோள விதை வாங்கி வந்து எங்கள் காட்டில் விதைத்தார். இருங்குச் சோளம் கேட்டு அங்கே கடை கடையாக ஏறி இறங்கினாராம். ஒருவரிடமும் இல்லை.

புரட்டாசியில் ஒரு நாள் பேய்மழை பெய்தது. அவ்வளவுதான். ஐப்பசியில் தூறல்கூட இல்லை. மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் புழு விழுந்து, கார்த்திகையில் காய்ந்து நின்றது. கொழுந்தனார் லீவு நாளில் எல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொல்வார். நான் "சரி" என்பேன்.

கம்பெனி வேன் சுடுகாட்டை ஒட்டித்தான் போகும். நான் ஜன்னலோரம் உட்காருவேன். மழைக்குப் பிறகு அவரை எரித்த இடத்தில் பச்சை தெரிந்தது. முதலில் களை என்று நினைத்தேன். பிறகு அது சோளம் என்று தெரிந்தது. வாடிய சோளப்பயிரை மேய்ந்தால் ஆடு செத்துப்போகும் என்பதால் யாரும் அந்தப் பக்கம் ஆட்டை விடவில்லை. தை பிறந்தபோது கதிர்கள் கறுத்து முற்றியிருந்தன. குருவிகள் வந்து உட்கார ஆரம்பித்திருந்தன. இன்னும் சில நாள் விட்டால் ஒரு மணியும் மிஞ்சாது.

ஒரு சாயங்காலம் வேலை முடிந்து திரும்பும்போது வேனை நிறுத்தச் சொன்னேன். டிரைவர் பாட்டை அணைத்தார். பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, பொம்பளைக போற எடமா அது? பேசாம உக்காருங்க."

"எங்க வீட்டுக்காரர் போயிருக்காக. நான் போகக் கூடாதா?"

அவள் கையை விட்டாள்.

சாம்பலை எல்லாம் மழை கரைத்துக்கொண்டு போயிருந்தது. கம்பு மணி பிடிக்காமல் சாவியாகிக் கிடந்தது. தட்டைப்பயறு கருகியிருந்தது. குதிரைவாலி இருந்த தடமே இல்லை. இருங்குச் சோளம் மட்டும் நின்றது, அதன் காலடியில் காணம் படர்ந்திருந்தது. அந்த வருஷம் மழை என்ன நினைத்தது என்று அப்போது தெரிந்துவிட்டது. ஒடிக்க முடிந்த கதிர்களை ஒடித்தேன். காணத்தைக் கொடியோடு பிடுங்கினேன். தூக்குவாளியை வெளியே எடுத்துவிட்டு ஒயர்க்கூடை நிறையத் திணித்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் கொழுந்தனார் நின்றிருந்தார். கூடையைப் பார்த்தார்.

"அங்கன போயா ஒடிச்சீக?"

"ஆமா."

வாசலை விட்டு நகரவில்லை. பிறகு, "அங்கன போயிட்டு வந்தா குளிக்காம உள்ள போகக் கூடாது மதினி" என்றார்.

"இதையும் குளிப்பாட்டணுமா?"

அவர் ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். மணி உதிர்ந்தது. "வெதை நனையக் கூடாதுல்ல" என்று சொல்லிவிட்டு, கூடையை வாங்கிக்கொண்டு அவரே உள்ளே போனார். சாக்கு இருந்த அதே மூலையில் வைத்தார்.

நான் வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு வாளித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினேன். உடம்பு நடுங்கியது. தண்ணீர் பச்சைத் தண்ணீர். அப்படியொரு குளிர்ச்சி.