நான் நைரி

இன்வர்கார்கில் ஊரில் நைரி டன்லப்பைத் தெரியாத வீடு கிடையாது. முப்பத்திரண்டு வருஷமாக அங்கே மழலைப் பள்ளி நடத்துகிறாள். ஒரு காலத்தில் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் நாலு காலில் தவழ்ந்து, நாய் மாதிரி குரைத்தவள்தான். அப்புறம் 'கற்றல் கதை' வந்து சேர்ந்தது.

அது வேறொன்றுமில்லை. ஒரு பிள்ளை பொய்த் தேநீர் ஊற்றினால் டேப்லெட் கணினியில் படமெடுத்து, "இதனால் மொழி வளர்ந்தது, விட்டுக்கொடுக்கும் குணம் வளர்ந்தது" என்று ஒரு பக்கம் எழுதிப் பெற்றோருக்கு அனுப்ப வேண்டும். நாற்பது பிள்ளைகள், வாரம் நாற்பது கதை. பாவனை விளையாட்டின் அருமை பெருமையை எழுதி எழுதியே நைரிக்குக் கழுத்துவலி வந்துவிட்டது. இதில் விளையாட எங்கே நேரம்?

போன முறை அரசு நடத்திய தணிக்கையில் "விளையாட்டு போதவில்லை" என்று அறிக்கை வந்தது. என்ன கொடுமை பாருங்கள். இந்தத் தடவையும் அப்படியே வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று பள்ளியின் நிர்வாகக் குழு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. அறுபத்தொரு வயதில் அவளை வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

தணிக்கை அதிகாரி ஹீதர் வந்த நாளன்று நைரி ஒரு மூலையில் ஆஸ்பத்திரியே கட்டிவைத்திருந்தாள். கட்டுத்துணி, வெள்ளைக் கோட்டு, பொம்மை நோயாளி, சகலமும் தயார். ஒரு பிள்ளையாவது எட்டிப்பார்க்க வேண்டுமே! எல்லாம் எதிர்மூலையில் மொய்த்துக்கொண்டிருந்தன. ஹீதரும் நேரே அங்கேதான் போனாள். நைரியும் பின்னாலேயே ஓடினாள்.

நடுவில் நாலரை வயது பிப்பா ஒரு மரப்பலகையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். மற்ற பிள்ளைகள் காலிக் கோப்பையில் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அசையாத கண்ணு. படம் சரியா விழல, இன்னொரு தடவ ஊத்து" என்றாள் பிப்பா.

ஹீதர் குனிந்து, "நீ யாரும்மா?" என்றாள்.

"நான் நைரி."

"நைரி அவங்களோட டீ குடிக்க மாட்டாங்களா?"

"நைரிக்கு நேரமே இல்ல. அவங்க குடிச்சாங்கன்னு எழுதணும்ல."

நைரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. வேலை போயிற்று என்றே முடிவுகட்டிவிட்டாள்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. "பெரியவர்களின் வேலையை இவ்வளவு நுட்பமாகக் கவனித்து நடிக்கும் பிள்ளைகளை வேறெங்கும் கண்டதில்லை. ஆசிரியை பாராட்டுக்குரியவர்." குழு கேக் வெட்டியது. வேலை தப்பியது. நைரி மட்டும் தன் துண்டை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை டேப்லெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். முட்டி நறநறக்கப் பிள்ளைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்தாள்.

"என்னையும் சேத்துக்கறீங்களா? நான் யாரு?"

பிப்பா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நான்தான் நைரி. நீ பாப்பா. டீ ஊத்து."

நைரி ஊற்றினாள். ஆசை ஆசையாக ஒரு கோப்பையை நீட்டினாள். "நைரி, நீயும் ஒரு வாய் குடியேன்."

பிப்பா பலகையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"அப்புறமா வர்றேன் கண்ணு. எழுதிட்டு இருக்கேன்ல."