உப்புப் பார்க்கிற ராஜவேல்

மூடியைக் கழற்றுவதற்கு முன், வெளியே மாட்டியிருக்கும் ஏசிப் பெட்டியின் தகடுகளில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்ப்பார் ராஜவேல். கண்ணை மூடி யோசிப்பார். அதற்குப் பிறகுதான் பையிலிருந்து ஸ்பேனர் வெளியே வரும்.

2007 பங்குனியில், கடலோரத்து வைத்திக்குப்பத்தில் நான் குடியிருந்த மாடி அறைக்கு வெளியேதான் அவரை முதலில் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா அன்னக்கிளி மீன் விற்கிறவர். மகன் வாங்கிப் போட்ட ஏசி ஒரு வாரமாகக் குளிரவில்லை. ராஜவேல் விரலை நாக்கில் வைத்த வேகத்தில் துப்பினார்.

"யக்கா, கடக்காத்து உப்பு இப்டி இருக்காது. இன்னா பண்ண இத?"

"ஒண்ணும் பண்லியேப்பா. பின்னால காத்த இழுக்குது, சீக்கிரம் காயுமேன்னு கருவாட்டத் தொங்கவுட்டேன்."

ராஜவேல் சிரித்துச் சிரித்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். "ஏசிக்குக் கருவாடு போட்ட மொத ஆளு நீதான்!"

கழுவி முடித்ததும், அவர் தற்காலிகமாக வேலை பார்த்த ஏசிக் கடையில் கொடுத்தனுப்பிய தாளை நீட்டினார். ஆண்டு ஒப்பந்தம், பணம் கட்டினால் வருடத்துக்கு நான்கு முறை வந்து பார்ப்பார்கள். அந்த மாதம் பத்து வீட்டில் கையெழுத்து வாங்கினால் அவருக்கு வேலை நிரந்தரம் என்றும், ஒன்பது ஆகிவிட்டது என்றும், மறுநாள் மாதம் முடிகிறது என்றும் கழுவிக்கொண்டிருக்கும்போதே எங்களிடம் சொல்லியிருந்தார்.

அன்னக்கிளி தாளை என் பக்கம் தள்ளினார். "காலேஜி படிச்ச புள்ள, நீ பாத்துச் சொல்லு. போடலாமா?"

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் தாளை எழுத்துக்கூட்டாமல் படிக்கிற முதல் ஆள் நான். நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டாவது பத்திக்குப் போவதற்குள் ராஜவேல் தாளை உருவிக்கொண்டார்.

"வுடு சார், அது எழுதுனவனுக்கே புரியாது. யக்கா, ஊருக்குள்ள இருக்கற வூட்டுக்கு வருசத்துக்கு ஒருவாட்டி போதும். உன்து கடலோரம், ரெண்டு வாட்டி. நாலு வாட்டி வந்து நான் இன்னா பண்ணப்போறேன்? டீ குடிச்சிட்டுப் போவேன்."

"மத்த ஒம்போது பேருக்கும் இதத்தான் சொன்னியா?"

ராஜவேல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவங்க கேக்கல. நீ கேட்ட."

"அப்ப கையெழுத்து?"

"வாணாம். ஏசிக்குள்ள இருக்கற தூசி வலைய மாசம் ஒருவாட்டி நீயே கொழாத்தண்ணில கழுவு. மொதல்ல கருவாட்ட எடு."

"எடுத்து எங்க காயவைக்கறது, உன் தலைலயா?"

அவரே கயிற்றை அவிழ்த்து, மொட்டைமாடியின் எதிர்மூலையில் இழுத்துக் கட்டினார். ஒவ்வொரு மீனாகத் திருப்பி வெயிலுக்குக் காட்டினார். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

கடையில் அவரை வைத்துக்கொள்ளவில்லை. இப்போது சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில், குளிர்சாதனங்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தெருவில்தான் இருப்பார், ஏதாவது ஒரு மாடியில், ஏசித் தகட்டில் விரலைத் தேய்த்துக்கொண்டு.