லோர்னாவின் நான்கு பாத்திகள்

ஒற்றைக் காலில் நின்றுகொண்டு மறு காலின் பூட்ஸ் அடியைத் தேய்த்துக் கழுவுகிறார் லோர்னா ஹெஸ்லப். கையில் தேய்ந்துபோன பாத்திரப் பிரஷ், பக்கத்தில் ஒரு வாளி சோப்புத் தண்ணீர். அக்டோபர் குளிரில் விரல்கள் சிவந்திருக்கின்றன. இரண்டு பூட்ஸையும் கழுவிய பிறகுதான் மூன்றடி தள்ளியிருக்கும் அடுத்த பாத்திக்குப் போவார்.

வயது அறுபத்திரண்டு. காலை ஐந்தரைக்கு நகரப் பேருந்தில் ஓட்டுநராக ஏறினால் இரண்டு மணிக்கு இறங்குவார். நிலக்கரிச் சுரங்கம் மூடிவிட்ட, வட இங்கிலாந்தின் இந்த நார்தம்பர்லாந்து ஊரில், அவர் ஓட்டும் பேருந்தைவிட அவர் வீட்டுக் கொல்லைக்குத்தான் பெயர் அதிகம். அங்கே நான்கு பாத்திகள், ஒவ்வொன்றும் ஒரு கட்டில் அகலம். நாலு பாத்திக்கு நாலு பயிர்க் குடும்பம் என்பது அவர் கணக்கு.

“பூண்டு, வெங்காயம், லீக்ஸ் மூணும் ஒரே வீட்டு ஆளுங்க. ஒருத்தருக்கு வந்த சீக்கு எல்லாருக்கும் வரும். இந்த வருஷம் இருந்த எடத்துல அடுத்த வருஷம் அவங்க யாரும் உட்காரக் கூடாது.”

உருளைக்கிழங்கு எடுத்த மண்ணில் பூண்டுக் குடும்பம், அதன் பின்னால் பீன்ஸ், பீன்ஸ் போன இடத்தில் முட்டைக்கோஸ் வகை, பிறகு மறுபடி உருளை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். குளிர்காலப் பயிர்தான் ஆளைத் தடுமாற வைக்கும். அக்டோபரில் ஊன்றிய பூண்டு ஜூலை வரை மண்ணைவிட்டு எழுந்திருக்காது. ஊதா ப்ராக்கோலி ஏப்ரல் வரை நகராது. “இப்ப நடுறது அடுத்த வருஷத்துக் கணக்கு” என்பார் லோர்னா. பதினோரு வருடத்துத் திட்டம், பழைய பேருந்து அட்டவணைகளின் பின்புறத்தில் பென்சிலால் வரையப்பட்டு, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு வெங்காயம்கூட அழுகியதில்லை. இதை அவர் கேட்காதவர்களிடமும் சொல்வார்.

பக்கத்து வீட்டு ரோலண்ட் டாட்ஸுக்கு எழுபத்தொரு வயது, சுரங்கத்தில் மின்பணியாளராக இருந்தவர். இருபத்தாறு வருடமாக ஒரே குழியில், வெங்காயத்தாளைப் போலவே ஆனால் தண்டு பருத்த லீக்ஸை வளர்த்தார். இங்கே லீக்ஸ் போட்டிக்காரர்கள் அப்படித்தான். குழியை மாற்றுவதை அவமானமாக நினைப்பார்கள். யார் லீக்ஸ் பெரியது என்று செப்டம்பரில் ஊர் க்ளப்பில் நடக்கும் போட்டியில் அவர் ஆறு முறை முதல் பரிசு வாங்கியவர். வேலிக்கு மேலாகத் தலையை நீட்டி, “என்ன லோர்னா, இன்னைக்கு வெங்காயம் எந்த பஸ் ஏறிப் போகுது?” என்பார். “உன்னோடது ஒரே ஸ்டாப்புல நின்னு துருப்பிடிக்குது, போ” என்பார் லோர்னா.

போன வருடம், போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ரோலண்டின் லீக்ஸ் மஞ்சளாகிச் சாய்ந்தது. ஒன்றை இழுத்தார். வேர் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை, அதில் கடுகைவிடச் சிறிய கருப்புப் புள்ளிகள். அதைக் கையில் பிடித்தபடியே பக்கக் கதவைத் திறந்துகொண்டு நேராக லோர்னாவின் தோட்டத்துக்குள் வந்தார்.

“அங்கேயே நில்லு, ரோலண்ட். ஒரு அடி எடுத்து வைக்காத.”

அவர் நின்றார். அந்தச் சீக்கு பூட்ஸ் மண்ணிலேயே ஒட்டி வரும் என்று லோர்னா சொல்லத் தொடங்குவதற்குள், திரும்பிப் போய்விட்டார்.

மூன்று வாரம் பேச்சில்லை. அவளுக்கு மனுஷனைவிட மண்ணுதான் பெருசு என்று ரோலண்ட் க்ளப்பில் சொன்னதாகப் பேருந்தில் ஏறிய ஒருவர் காதில் போட்டார். லோர்னாவுக்குச் சுருக்கென்றது. தடுத்தது தப்பென்று அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் முதலில் ரோலண்டின் முகத்தைப் பார்த்திருக்கலாம், பூட்ஸை அப்புறம் பார்த்திருக்கலாம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஒரு ஞாயிறு காலை, உருளை எடுத்த பாத்தியில் லோர்னா பூண்டு ஊன்றிக்கொண்டிருந்தபோது கதவு கிறீச்சிட்டது. ரோலண்ட் பூட்ஸைத் தன் பக்கத்திலேயே கழற்றிவிட்டு, கம்பளிக் காலுறையோடு ஈரப்புல்லில் நடந்து வந்தார். காலுறையின் ஓட்டை வழியே கட்டைவிரல் தெரிந்தது.

“என் குழி போச்சு. இனிமே அதுல லீக்ஸ் வைக்க எத்தனை வருஷம் ஆகும்?”

“எட்டுங்கறாங்க. பதினஞ்சுன்னும் சொல்றாங்க.”

ரோலண்டின் வயதோடு அதைக் கூட்டிப் பார்க்க இருவருக்கும் நேரம் பிடிக்கவில்லை. நான்கு வரிசை போட நினைத்திருந்த லோர்னா இரண்டாவது வரிசையோடு எழுந்து கையைத் தட்டினார்.

“மிச்சப் பாதி உனக்கு. ஜூன்ல லீக்ஸ் நடு. நாத்தை மட்டும் கடையில வாங்கின புது மண்ணுல வளர்த்துக் கொண்டா. இந்தப் பக்கம் வர்றதுக்குன்னு தனியா ஒரு பூட்ஸ் வாங்கிக்க.”

இந்த செப்டம்பர் போட்டியில் ரோலண்டுக்கு இரண்டாம் பரிசு. தண்டுகள் முழங்கைத் தடிமன். என்ன மண் போட்டாய் என்று மற்ற போட்டிக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். அவர் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: “அது லோர்னா மண்ணு. நான் வெறும் குடித்தனக்காரன்.”

அடுத்த மேஜையில் இருந்த லோர்னா பீர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்தது. மறுநாள் காலைப் பேருந்தில், ஒன்றும் கேட்காத மூன்று பயணிகளிடம் அதைச் சொல்லி முடித்தார்.

போன வாரம் ரோலண்ட் இரண்டு முளைக்குச்சியும் ஒரு கயிறுமாக வந்தார். பூண்டு ஊன்றுவதற்கு முன்னாலேயே தன் இடத்தைக் குறித்துவிட வேண்டுமாம். போன தடவை லீக்ஸ் விளைந்த அதே பாதியில் குச்சிகளை அடித்தார். இந்த இடம் தனக்கு ராசி என்றும், அடுத்த வருடம் முதல் பரிசு நிச்சயம் என்றும் சொன்னார்.

லோர்னா அருகே வந்தார். குனிந்து இரண்டு குச்சிகளையும் பிடுங்கினார். கயிறு தரையில் இழுபட, இந்த வருடம் உருளை எடுத்த பாத்திக்கு நடந்து போய் அங்கே குதிகாலால் அவற்றை அழுத்தினார்.

ரோலண்ட் தன் ராசியான இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு வந்து, தளர்ந்து கிடந்த கயிற்றை இழுத்து விறைப்பாகக் கட்டினார்.