லொறிக்காரரின் கடைசி அத்தியாயம்

நாவல் வாசிப்பது வேலைவெட்டி இல்லாதவர்களின் வேலை என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கணக்கு ரீச்சர். நடவாத ஒன்றை நடந்ததாக எழுதுவதும், பொய்யென்று தெரிந்துகொண்டே அதற்கு அழுவதும் எனக்குச் சுத்த விசர் வேலையாகப் பட்டது. இந்தச் சித்திரை வைகாசி வெயிலுக்குள் மூன்று நாவல்கள் வாசித்து முடித்திருக்கிறேன். இன்னமும் வாயைப் பிளந்துகொண்டுதான் இருக்கிறேன்.

எனக்காக வாசிக்கவில்லை. இவருக்காக வாசித்தேன். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கிழமைக்கு மூன்று நாள், நான்கு நான்கு மணித்தியாலம், டயாலிசிஸ் மெஷினோடு படுத்திருக்க வேண்டும். நீரிழிவு கண்ணையும் தின்றுவிட்டது, அச்செழுத்துத் தெரியாது. கொழும்பில் கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் நாற்பது வருடம் கிளாக்கராக இருந்தவர். வீடு வந்தால் நாவலும் கையுமாகக் கிடப்பார். அந்த மனிதர் பங்குனிக் கடைசியில் ஒருநாள், வெள்ளவத்தைப் பிளாட்டின் லிப்டுக்கு முன்னால் நின்றுகொண்டு, "போதுமப்பா. இனி நான் மெஷினுக்கு வரேல்லை" என்றார்.

மெஷினை விட்டால் ஒரு கிழமை, கூடினால் இரண்டு கிழமை என்று டொக்டர் எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார். அதைத் தெரிந்துகொண்டேதான் இவர் அப்படிச் சொன்னார். அன்றைக்குக் கெஞ்சி, ஏசி, ஓட்டோவில் ஏற்றிவிட்டேன். போகும்போது அலுமாரியில் கைக்கு எட்டிய புத்தகமொன்றைப் பைக்குள் போட்டேன். சண்டை பிடிக்காமல் நான்கு மணித்தியாலத்தைப் போக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அது ஏதோ குளிர்தேசத்து நாவல், மொழிபெயர்ப்பு. ஆற்றில் படகோட்டும் ஒரு விதவையின் கதை. முதல் ஐம்பது பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை. ஆறு ஓடுகிறது, அவள் துடுப்புப் போடுகிறாள். "என்ன கண்டறியாத கதை" என்று முணுமுணுத்தபடி வாசித்தேன். ஆனால் ஆறு உறையத் தொடங்கி, பனிக்கட்டி படகை நெரிக்கும் இடத்தில் என் உள்ளங்கால் சில்லிட்டது. ஏசியின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். நான் பனியைக் கண்ணால் கண்டதில்லை. எழுதியவருக்கு வெள்ளவத்தை என்று ஓர் ஊர் இருப்பதே தெரிந்திராது. எப்படியம்மா என் காலைத் தொட்டாய் என்று கேட்கத் தோன்றியது. அப்போது நேரம் முடிந்து மெஷின் கத்தியது. புத்தகத்தை மூடினேன்.

மறுநாள் காலை தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தவர், "அவள் கரைக்கு வந்திட்டாளே?" என்று கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? நாளைக்கு மெஷினிலை பாப்பம்."

முறைத்தார். ஆனால் வந்தார். அப்படித்தான் சித்திரை போனது.

இரண்டாவது நாவலை அக்கம்பக்கத்தில் ஆகா ஓகோ என்றார்கள். குப்பை. பக்கத்துக்குப் பக்கம் யாராவது மூக்கால் அழுகிறார்கள், மழை பெய்கிறது, மறுபடி அழுகிறார்கள். இவர் கண்ணை மூடிக்கொண்டு, "இவையளுக்கு வேறை வேலையில்லையே?" என்றார். எங்களைக் கவனித்துக்கொண்ட சிங்கள நர்ஸுக்கு மட்டும் அந்தக் கதை நன்றாகப் பிடித்துக்கொண்டது. தெமட்டகொடைப் பிள்ளை. ஊசியைச் செருகியபடி "ஈட்ட பஸ்ஸே?", அதுக்குப் பிறகு என்ன, என்று கேட்பாள். பிறகென்ன நடந்தது என்று என் கடைத்தெருச் சிங்களத்தில் சொல்லுவேன். அவளுக்கும் கண் கலங்கும்.

மூன்றாவதுதான் லொறிக்காரரின் நாவல். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டும் ஒருவர். பெரிதாக ஒன்றும் செய்யமாட்டார், ஒருவருக்கும் புத்தி சொல்லமாட்டார், வளைவில் ஹோர்ன் அடிப்பார், குடியிருக்கும் லயத்துக்கு வந்து ரொட்டி சாப்பிடுவார். இப்படி முந்நூறு பக்கம். அந்த மனிதரை ஏன் அவ்வளவு பிடித்தது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. இவர் அவரைச் சொந்தத் தம்பியைப் போலக் கதைக்கத் தொடங்கினார். "லொறிக்காரருக்கு அந்த இருமல் சரியில்லை" என்று சாப்பாட்டு மேசையில் கவலைப்பட்டார். பக்கத்துக் கட்டிலில் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு அம்மா, தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், "எங்க அப்பாவப் பாக்குற மாதிரியே இருக்குங்க, இன்னுங் கொஞ்சம் சத்தமா வாசிங்க" என்பார்.

ஆவல் தாங்காமல் ஒரு மத்தியானம் வீட்டில் கடைசி அத்தியாயத்தைத் தனியே இருந்து வாசித்தேன். லொறிக்காரர் ஆஸ்பத்திரியில், இனி வீட்டுக்குப் போகிறேன் என்று துண்டு வெட்டிக்கொண்டு லயத்துக்கு வந்துவிடுகிறார். மருந்து வேண்டாம் என்கிறார். மழைக்கோட்டைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறார். வாசலில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு இருந்து பிளேன்டீ கேட்கிறார், சீனி கூடிப்போச்சு என்கிறார். மனைவி வேறு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருகிறாள். அவ்வளவுதான். செத்தார் என்ற சொல் எங்குமே இல்லை. ஒருத்தரும் அழவில்லை. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடவுளே, வெறும் சீனியையும் தேத்தண்ணியையும் வைத்து ஒரு மனிதரை இப்படி வழியனுப்பலாமா! அவ்வளவு அழகு. அவ்வளவு அழகாக இருந்ததுதான் எனக்குப் பயம். இதைக் கேட்டால் இவரும் எழும்பி வீட்டுக்கு வந்துவிடுவார்.

ஆகவே ஒரு அப்பியாசக் கொப்பி எடுத்து, என் ஆயுளில் முதல்முறையாகக் கதை எழுதினேன். மூன்று மத்தியானம். லொறிக்காரருக்குச் சுகமாகிறது. மருந்தை ஒழுங்காக எடுக்கிறார். பாரங்களைத் தாங்கத்தான் வேண்டும் என்று மனைவிக்கு விளக்குகிறார். தாள்களை நாவலுக்குள் செருகி, சனிக்கிழமை குரல் நடுங்காமல் வாசித்தேன்.

பாதியில் இவர் கையை உயர்த்தினார். "நிப்பாட்டும்."

"ஏன்? நல்லாத்தானே போகுது?"

"நாற்பது வருஷம் காணி உறுதியின்ரை பிரதியை மூலத்தோடை ஒப்புப் பாத்தனான். ஒருத்தர் வாசிக்க நான் கேப்பன். எது மூலம், எது இடையிலை செருகினது எண்டு எனக்குத் தெரியாதே?" பிறகு, "முந்நூறு பக்கமா வாயைத் திறவாத மனிசன் ஏன் திடீரெண்டு ரீச்சர் மாதிரிக் கதைக்கிறான்?"

கொட்டாஞ்சேனை அம்மா போர்வைக்குள் சிரித்தார். கையும் களவுமாகப் பிடிபட்டதில் எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"புத்தகத்திலை இருக்கிறதை வாசியும்."

"மாட்டன்."

"அப்ப நான் செவ்வாய்க்கிழமை வரேல்லை."

என்ன சூழ்ச்சி! வாசித்தால் வரமாட்டார் என்று நான் பயப்படுகிறேன், வாசிக்காவிட்டால் வரமாட்டேன் என்கிறார். அந்த நேரம் புத்தகத்தை அவர் தலையில் போடலாம் போலிருந்தது. கொப்பித் தாள்களைக் கசக்கிப் பைக்குள் தள்ளினேன். உண்மையான பக்கத்தைத் திறந்தேன். துண்டு வெட்டியது, மழைக்கோட், கம்பளி. மெஷின்கள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. சீனி கூடிப்போச்சு என்ற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் வாசித்தேன். எழுத்தை என் வாயால் தொட்டபோது அந்த மத்தியானம் தனியே வாசித்தபோது தெரியாத ஒன்று தெரிந்தது. ஒரு சொல்லைக் கூட எடுக்க முடியாது, ஒரு சொல்லைக் கூடச் சேர்க்க முடியாது. கணக்கில் மட்டும்தான் அப்படி உண்டென்று நினைத்திருந்தேன்.

"என்ன எழுத்தப்பா" என்றார் இவர். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"இதுக்குத்தான் மறைச்சனீரோ?"

"ஓம்" என்றேன். குழாய் இல்லாத கையை நீட்டி என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் நாலு பேருக்கு முன்னால் என் கையைப் பிடித்தவரில்லை.

மெஷின் கத்தியது. நர்ஸ் வந்து ஊசியைக் கழற்றி, பஞ்சை வைத்து அழுத்தியபடி, லொறி மாத்தயாவுக்கு, அதுதான் லொறி ஐயாவுக்கு, என்ன நடந்தது என்று சிங்களத்தில் கேட்டாள். நான் வாயைத் திறக்க முன் இவர் பதில் சொன்னார், அவரும் சிங்களத்தில்தான்:

"அவர் போயிட்டார், மிஸ். நான் செவ்வாய்க்கிழமை வாறன்."