பாட்டு நின்ற பிறகு

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஒரு மே தினம். திருப்பூர் நெருப்பெரிச்சல் பக்கம் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் அன்றைக்கு விடுமுறை என்றால் கபடி என்று அர்த்தம். கட்டிங் பிரிவுக்கும் தையல் பிரிவுக்கும் போட்டி. தோற்றவர்கள் வருஷம் முழுக்கக் கிண்டல் வாங்க வேண்டும். மூன்று வருஷமாக அதை வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கட்டிங்காரர்களான நாங்கள்தான்.

காரணம் ஒரே ஆள். ஓவர்லாக் மெஷின் ஓட்டும் ஓர் அண்ணன். 'கபடி கபடி' என்று பாடி வந்தால் இரண்டு பேரையாவது தொடாமல் திரும்ப மாட்டார். டீ டைமில் என்னோடு வடையைப் பங்கு போட்டுத் தின்பவரும் அவரேதான். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, "வலது முட்டி சரியில்லீங்க தம்பி. பெடல அமுக்கி அமுக்கி, சாயங்காலமானா இழுத்துப் புடிக்குதுங்க" என்றார். என்னை நம்பிச் சொன்ன பேச்சு. நான் அதை ஆட்டத்துக்காக மனதில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இடைவேளைக்கு இரண்டு நிமிடம் இருக்கும். பாடி வந்தவரின் வலது காலைப் பிடித்துவிட்டேன். எனக்குக் கால்பிடி நன்றாக வரும், அதில் கொஞ்சம் மிதப்பும் உண்டு. எங்கள் ஆட்கள் மேலே விழுந்து அமுக்கினார்கள். அவர் நடுக்கோட்டைக் கையால் எட்டித் தொடப் பார்த்தார், முடியவில்லை. பாட்டை நிறுத்திவிட்டார். நிறுத்தினால் அவுட். அதோடு பிடித்தவன் விட்டுவிட வேண்டும். பாட்டு நின்றது எனக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் அடுத்த பாதியிலும் இவர் வருவாரே என்று ஓர் எண்ணம். காலை உள்பக்கமாக ஒரு திருகு திருகினேன்.

அவர் போட்ட அலறல் விசில் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாங்கள் ஜெயித்தோம். என்னைத் தோளில் ஏற்றி ஆடினார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன்.

முட்டிக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டதாம். பத்து நாள் கழித்து, ஆரஞ்சுப் பழத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி முகம் சுளிக்கவில்லை. "வாங்க தம்பி. ஆட்டத்துல அடிபடறது சகஜந்தானுங்க, அவரே சொன்னாருங்க" என்று சொல்லிவிட்டு டீ போட உள்ளே போனார். நானும் அதையே பிடித்துக்கொண்டு, "தெரியாமப் பட்டுருச்சுங்ணா" என்றேன்.

அவர் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்ல, "நான்தான் பாட்ட நிறுத்திட்டனுங்களே தம்பி" என்றார்.

குரலில் கோபமே இல்லை. அடுத்து நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். டீ வந்தது. குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது அவரால் நாள் முழுக்கப் பெடல் அமுக்க முடியாது. செக்கிங் டேபிளில் உட்கார்ந்து பனியனில் ஓட்டை தேடுகிறார். நான் செய்ததை இதுவரை ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. டீ டைமில் இன்றைக்கும் பக்கத்தில் இடம் விட்டு உட்காருகிறார், வடையில் பாதியைப் பிய்த்து நீட்டுகிறார். நான் கபடியை விட்டுவிட்டேன். அதனால் அவர் கால் சரியாகிவிடவா போகிறது?

இது அச்சில் வருவதற்குள்ளாவது, "தெரிஞ்சேதான் திருகினேனுங்ணா" என்று அவரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும். திருகியது ஒரு நொடி ஆத்திரம் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். அவர் எனக்காகக் காத்திருந்த அந்த நேரத்தில் டீயைக் குடித்துக்கொண்டு வாயை மூடியிருந்ததற்கு, என்னிடம் இன்றுவரை எந்தச் சமாதானமும் இல்லை.