காலாவதி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். திருப்பூரில் பனியன் கம்பெனி, கேரளாவில் ரப்பர் தோட்டம், லாரி கிளீனர் என்று எதிலும் நிலைக்கவில்லை. போன மாம்பழ சீசனில் ராஜபாளையத்துக்கு மேற்கே, அய்யனார் கோவில் போகிற வழியில் ஒரு தோப்புக்குக் காவலிருந்தேன். கூட அக்கா புருஷன். மச்சான் பட்டாளத்தில் இருந்தவர். தை மாசம்தான் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்திருந்தது. ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவரோ குரங்கைக் கண்டால் கவணைத் தூக்கிக்கொண்டு பார்டரில் ஓடுகிற மாதிரி ஓடுவார்.

அவரை உட்கார வைக்க அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். தோப்பில் சிக்னல் கிடையாது. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு வைஃபையிலேயே அவர் போன் நிறையப் படங்களை டவுன்லோடு போட்டு அனுப்பினாள். படம் ஓடுகிற வரைக்கும் மச்சான் கட்டிலை விட்டு எழமாட்டார். குரங்கு விரட்டுகிற பாடு என்னோடு.

ஒருநாள் காலையில், பாதியில் விட்ட படத்தைப் பார்க்க போனைத் திறந்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரே வார்த்தை: காலாவதியானது. மறுபடி நெட் கிடைத்தால்தான் திறக்குமாம்.

"நம்ம போனுக்குள்ள இருக்க படத்த எவன் மாப்ள வந்து பூட்டுனான்?" என்று கத்திவிட்டு, கவணைத் தேடினார்.

நான் மேட்டுப் பாறைக்கு ஓடினேன். அங்கே நின்றால்தான் ஒரு புள்ளி சிக்னல் வரும். "அக்கா, மச்சானுக்குப் போட்டுக் குடுத்தது எல்லாம் காலாவதி ஆயிருச்சு. சீக்கிரம் வா" என்றேன். அவளுக்கு அது விட்டு விட்டுத்தான் கேட்டிருக்கிறது. பிறகு லைன் கிடைக்கவே இல்லை. சொன்னது புரிந்திருக்கும் என்று இறங்கிவிட்டேன்.

மதியம் மச்சான் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். தோப்பு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஒப்பாரிச் சத்தம். அக்கா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். பின்னால் மச்சானின் தங்கச்சி, கையில் ரோஜா மாலையோடு.

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்தில் போய் அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். செத்த நேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, மச்சான் காலமாயிட்டாருன்னு சொன்னியே!"

"காலாவதின்னுதான்க்கா சொன்னேன். படம். போன்ல அப்படித்தான் போட்டுருந்துச்சு."

"நீ என்னைக்குலே இம்புட்டு சுத்தத் தமிழ் பேசுன? செத்துப்போச்சுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான!"

"அப்படிச் சொல்லிருந்தா மட்டும் மெதுவாவா வந்திருப்ப?" என்றார் மச்சான், வாயில் வெங்காயத்தோடு. அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து மறுபடி அழுதாள்.

எழவுக்கு வாங்கின மாலையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று தங்கச்சி முழித்தாள். மச்சான் அதை வாங்கி, போனைக் கொட்டகைத் தூணில் சாத்தி வைத்து அதற்குப் போட்டார். "செத்தது இதுதான?"

தங்கச்சியோடு ஆட்டோ கிளம்பியது. அக்கா ஏறவில்லை. படம் ஏற்றித் தருகிறேன் என்றும் சொல்லவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் தான் என்னென்ன நினைத்துக்கொண்டு வந்தாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். வடக்கு வேலியில் குரங்குச் சத்தம். மச்சான் கை கவணுக்குப் போனது.

"உக்காருங்க. இன்னும் முடிக்கல."

உட்கார்ந்துவிட்டார். கவணை எடுத்துக்கொண்டு நான் ஓடினேன்.